சான்டோஸ் லாங்டனைப் போட்டுக் கொடுத்தது சரியா?

அஸ்தம்பட்டி ரசிகை: எமர்ஜென்சி வார்டு பத்தின அமெரிக்க சீரியல் ‘தி பிட்’ (2025) முதல் சீசன் முடிச்சாச்சு. வேலைக்கு வந்த முதல் நாளே, சீனியர் டாக்டர் லாங்டன் மருந்து திருடுறார்னு புது டாக்டர் சான்டோஸ் புகார் சொல்றதா? நம்ம சேலம் ஜி.எச்.ல ஒரு ஹவுஸ் சர்ஜன் பி.ஜி. டாக்டர் மேல இப்படி வாயைத் திறந்துட முடியுமா?

அஞ்சு ரோடு: முடியாதுதான். ஆனா அவ எரிச்சல்ல சொல்லல. லோராசிபாம்ங்கிற அமைதிப்படுத்துற மருந்துக் குப்பி மூடி திறக்க வரல, நோயாளி லூயியோட லிப்ரியம் மாத்திரை (அதுவும் அதே மாதிரி மருந்துதான்) எண்ணிக்கை இடிக்குது. வார்டு பொறுப்பு டாக்டர் ராபி, லாங்டனோட லாக்கரைத் திறந்ததும் மாத்திரை கையில சிக்குது. அடிமைப்படுத்துற மருந்துக்குத் தனி ரிஜிஸ்டர், மிச்சத்தைக் கொட்ட ரெண்டாவது ஆள் சாட்சின்னு வைக்கிறதே இதுக்குத்தான். சான்டோஸ் வாய்த்துடுக்கு வேற விஷயம், அதை நானும் ரசிக்கல.

ஏற்காடு மிளகு: எல்லாரும் இதையே பேசுறீங்க. 15 எபிசோடும் ஒரே ஷிப்ட், எபிசோடுக்கு ஒரு மணி நேரம். அதனால கோபம் ஆற இடமே இல்ல. வெளியே போன்னு ராபி துரத்திவிட்ட லாங்டன், துப்பாக்கிச் சூட்டுக் கேஸ் குவிஞ்சதும் திரும்பி வர்றார். ராபியால வேண்டாம்னு சொல்ல முடியல. ஆள் பத்தாத வார்டுல சண்டை இப்படித்தான் தள்ளிப்போகும்.

அஞ்சு ரோடு: தலைமை நர்ஸ் டேனாவை விட்டுட்டீங்களே! நோயாளிகிட்ட முகத்துல குத்து வாங்கியும் பெட் ஒதுக்கிட்டு நிக்கிறாங்க. ராபி நேருக்கு நேர் பேச்சுக் கேக்குறது அந்தச் சிஸ்டர்கிட்ட மட்டும்தான்.