கர்ப்ப காலத்தில் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

தேன்மொழி:
வலிப்பு நோய்க்காக நெடுநாளாக லாமோட்ரிஜின் எடுத்துக்கொள்ளும் எனக்கு இப்போது எட்டாவது வாரம் நடக்கிறது. இரவு மாத்திரையைக் கையில் எடுத்தாலே, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை வரிகள்தான் கண்முன் நிற்கின்றன. வலிப்பு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் முடியும் வரையாவது நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடுவதில்லை.

செல்வநாயகம்:
உங்கள் அச்சம் நியாயமானது, சகோதரி. கர்ப்பிணிகளைப் புதிய மருந்துகளின் பரிசோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. பிறகு எதை வைத்துப் பாதுகாப்பானது என்கிறார்கள்? 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்து மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961-இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதனால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளால் பாதிக்கப்பட்டார்கள். வலிப்புக்கே தரப்படும் வேல்ப்ரோயேட்டின் கேடும் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரியவந்தது. உறுப்புகள் உருவாகும் காலத்தில் மட்டுமாவது மாத்திரையை நிறுத்திவைப்பதே நல்லது என்பேன்.

நிலவழகி:
மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன், இந்த ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வலிப்பு வந்து பல நாளாயிற்று என்றால், அதை அடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் அந்த மாத்திரைதான். திடீரென நிறுத்தினால், முன்பு இருந்ததைவிடக் கடுமையாகவும் அடுத்தடுத்தும் வலிப்பு வரக்கூடும். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பில் தாய் கீழே விழலாம், கருவுக்குச் செல்லும் ஆக்சிஜன் குறையலாம், தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் தீங்கைக் கணக்கிடும் நாம் நோயின் தீங்கையும் அதே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

வேல்ப்ரோயேட்டைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. கருவில் அதற்கு ஆட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 100-க்கு 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது; பொதுவாக அந்த எண்ணிக்கை 2 அல்லது 3. லாமோட்ரிஜினுக்கோ அது பொதுவான அளவை ஒட்டியே இருக்கிறது. மருந்து எடுத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான தாய்மாரின் கர்ப்பங்களைப் பதிவேடுகளில் தொடர்ந்து கவனித்ததால்தான் இவ்விரண்டும் தெரியவந்தன.

செல்வநாயகம்:
பதிவேடுகளின் மதிப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் லாமோட்ரிஜினிலும் அளவு கூடும்போது அபாயம் சற்றே கூடுவதாக அதே பதிவேடுகள் காட்டுகின்றனவே? அப்படியானால் அளவையாவது குறைக்கலாம் அல்லவா?

நிலவழகி:
வலிப்பை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு என்பது சரியான கொள்கைதான். ஆனால் அதை நரம்பியல் மருத்துவரோடு கூடியவரை கருத்தரிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் கருத்தரித்து நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது; எட்டாவது வாரத்தில் இருப்பவர் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். மேலும், கர்ப்பத்தில் உடல் லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றுவதால் இரத்தத்தில் அதன் அளவு தானாகவே இறங்குகிறது. அதனால் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து, பலருக்கு அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது.

தேன்மொழி அவர்களே, எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் தூக்கமின்மைதான். தூக்கம் கெடுவதே பலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆகவே இந்தப் பயத்தை ஒரு மருத்துவச் செய்தியாகவே கருதி நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்.

செல்வநாயகம்:
தானாக நிறுத்தச் சொன்னதை நான் விலக்கிக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தாயும் இவ்வளவு விவரங்களை ஒரு விவாதத்தில் வந்து தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது என்பதில் மாறமாட்டேன். மருந்துச் சீட்டை எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நிலவழகி:
அதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

தேன்மொழி:
மாத்திரையைப் போட்டுவிட்டேன். மருந்தளவுக்கான இரத்தப் பரிசோதனை எப்போது, எனக்கு ஃபோலிக் அமிலம் எவ்வளவு, மாத்திரை போட்டவுடன் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டுமா என்ற மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். காலையில் மருத்துவரை அழைக்கிறேன்.