பூச்சிமருந்து நஞ்சுக்குத் தாவரச் சாறு கவசமாகுமா?

வேர்க்கால்:
குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்த எலிகளுக்குக் கூடவே மஞ்சளிலுள்ள குர்குமினோ, மில்க் திஸ்டில் என்ற செடியின் விதைச் சாறான சிலிமரினோ கொடுத்தால், கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி., சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் ரத்தத்தில் அவ்வளவாக ஏறுவதில்லை, ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் குளுட்டாதியோன் வற்றிப்போயிருந்தாலும் மீள்கிறது. ஒன்றல்ல, பல ஆய்வுகள் இதைச் சொல்கின்றன. மருந்து தெளிக்கிறவர்கள் இதைத் தினமும் எடுத்துக்கொண்டால் என்ன தப்பு?

சோதனைக்குழாய்:
அந்த ஆய்வுகளின் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் நஞ்சுக்கு முன்பே, அல்லது நஞ்சோடு சேர்த்து, குழாய் வைத்து நேராக வயிற்றுக்குள் சாற்றைச் செலுத்தியிருப்பார்கள். தெளிப்பவருக்கு நஞ்சு முக்கியமாகத் தோல் வழியாக, நாள் முழுக்க, அளவு தெரியாமல் இறங்குகிறது. குர்குமினோ குடலைத் தாண்டுவதே அரிது. ஒரே வேளையில் 8 கிராம் வரை விழுங்கியவர்களின் ரத்தச் சீரத்தில்கூட அது தட்டுப்படாத ஆய்வு உண்டு.

வேர்க்கால்:
எல்லாத் தாவரப் பொருளும் குடலில் நிற்பதில்லையே. அமனிட்டா பல்லாய்டஸ் என்ற நச்சுக்காளானைத் தின்றவர்களுக்குச் சிலிமரினின் முக்கியப் பகுதியான சிலிபினினை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். அது மில்க் திஸ்டில் விதையிலிருந்து வருவதுதான். குர்குமினுக்கும் மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடுகிறது.

சோதனைக்குழாய்:
நல்ல உதாரணம். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைய ஒரு கடத்திப் புரதம் வேண்டும், சிலிபினின் அந்த வாசலை அடைக்கிறது. குளோர்பைரிபாஸ் கொழுப்பில் கரைவது, அதற்கு வாசலே தேவையில்லை. அதைவிட முக்கியமானது, அதைக் கொடிய ஆக்ஸான் வடிவமாக மாற்றுவதே கல்லீரல் நொதிகள்தாம். பைப்பரின் இந்த நொதிகளில் சிலவற்றைத் தடுக்கும். அதனால் நன்மையா தீமையா என்பது பூச்சிமருந்துக்குப் பூச்சிமருந்து மாறும். அதோடு, பைப்பரின் கலந்த மஞ்சள் மாத்திரையாலேயே கல்லீரல் வீங்கியவர்கள் இருக்கிறார்கள். மரபணு வகை எச்.எல்.ஏ.-பி*35:01 உள்ளவர்களிடம் இது அதிகம் தெரிந்திருக்கிறது.

கைத்தெளிப்பான்:
நான் 11 வருடமாகத் தெளிப்பு வேலை செய்கிறேன். கல்லீரலுக்கும் கிட்னிக்கும் காவல் என்று ஒருவர் சொன்னதை நம்பி எட்டு மாதம் மூலிகை மாத்திரை சாப்பிட்டேன். சாப்பிடுகிறோமே என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. அப்புறம் பார்த்தால் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.7. காரணம் மாத்திரையா, தெளிக்கும் மருந்தா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கையுறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகளில் ஈரம், அதே மருந்து வாசனை. பாட்டிலைச் சாய்க்கும்போது அதன் கழுத்தில் வழிவது மணிக்கட்டு வழியாக உள்ளே போயிருக்கிறது.

வேர்க்கால்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தினமும் சாப்பிடலாம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்மை, அதைத் தணிக்கும் தாவரப் பொருள்களும் உண்மை. எலியோடு நிறுத்தாமல், தெளிப்பவர்களிடமே முறையாகச் சோதித்துப் பார்க்கவேண்டும். கையுறை போட்டும் கொஞ்சம் உள்ளே போகத்தானே செய்கிறது?

சோதனைக்குழாய்:
சோதனை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. சாற்றின் அளவும் தரமும் ஒரே சீராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கைத்தெளிப்பான், உங்கள் கையுறை என்ன வகை?

கைத்தெளிப்பான்:
மெல்லிய லேடெக்ஸ்.

சோதனைக்குழாய்:
அதை விடுங்கள். முழங்கை வரை வரும் தடித்த நைட்ரைல் வாங்குங்கள். கீழ்நோக்கித் தெளித்தால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும், தலைக்கு மேலே தெளித்தால் உள்ளே. கழற்றும் முன் கையுறையோடு கையைக் கழுவுங்கள். அடுத்த கிரியேட்டினின் பரிசோதனைக்கு எப்போது வரச்சொல்லியிருக்கிறார்கள்?