நாவல் படிச்சா ஊர் வரலாறு தெரிஞ்சிடுமா? வாங்க சண்டை போடலாம்

வீராணத்தான்:
போன மாசம் காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன், ராஜராஜ சோழனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையப் பத்தி சொல்ற உடையார்குடி கல்வெட்டு பாக்க. அந்த நேரம் ஒரு வேன் நிறைய ஆளுங்க வந்து இறங்குனாங்க, அதுல ஒரு அக்கா செல்போன் டார்ச்ச சுவத்துல அடிச்சுக்கிட்டே "தம்பி, இதுல நந்தினி பேரு எந்த வரில வருது"ன்னு கேட்டாங்க. அது பொன்னியின் செல்வன் நாவலுக்குக் கல்கி உண்டாக்குன பாத்திரம்க்கா, கல்வெட்டுல கிடையாதுன்னேன். மூஞ்சியே சுருங்கிப் போச்சு. என் கட்சி இதான்: முதல்ல வரலாறு, ஊர்க்கதை, பயண நூலெல்லாம் படிங்க, நாவல் அப்புறம்.

கரிசக்காட்டான்:
அண்ணே, பொன்னியின் செல்வன் படிக்கலன்னா அந்த அக்கா வேன் ஏறி உங்க ஊருக்கு வந்திருக்கவே மாட்டாங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரையில வராம்ல, அந்த ஒரு காட்சிக்காகத்தான் பாதிப் பேரு ஏரியவே பாக்க வர்றான். கல்வெட்ட மட்டும் வச்சுக்கிட்டு யாரக் கூப்புடுவீங்க?

வீராணத்தான்:
கல்வெட்டுல சுவாரசியம் இல்லன்னு யாரு சொன்னது? ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு. ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு அண்ணன் தம்பிங்க பேரு இருக்கு. கொலையப் பத்தி அவ்ளோதான், மீதி பூரா சொத்துக் கணக்கு. அவனுங்க சொத்து மட்டும் இல்ல, பிள்ளைங்க, பங்காளிங்க, பொண்ணு குடுத்த மாமனாரு, கூடப் பிறந்தவளக் கட்டுனவன்னு ஒருத்தர் விடாம எல்லார் சொத்தும் போகுது. மச்சான் செஞ்சதுக்கு மாப்ள நிலம் போச்சு! இத விட என்ன நாவல் வேணும்?

ஆனா கொலைய ஏவுனது யாருன்னு அதுல இல்ல. வரலாற்று ஆய்வாளர் நீலகண்ட சாஸ்திரிக்கு, ராஜராஜனுக்கு முன்னாடி ஆண்ட உத்தம சோழன் மேல சந்தேகம், இன்னொரு ஆய்வாளர் சதாசிவ பண்டாரத்தார் அத ஒத்துக்கல. ரெண்டு பேரும் ஆதாரத்த வச்சுதான் மோதுனாங்க. நாவல் படிச்சவன்கிட்ட கேளு, கொலை நடந்தப்ப பக்கத்துல நின்ன மாதிரி பதில் வரும்.

புதுச்சேரிப்பொண்ணு:
நடுவுல வர்றேன், திட்டாதீங்க. ஆதாரம் ஆதாரம்னு சொல்றீங்களே, அத எழுதுனவனும் மனுஷன்தானே. பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷியா இருந்த எங்க ஊரு ஆனந்தரங்கப் பிள்ளை டைரிய எடுத்துக்கோங்க, 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் போகுது, எந்தக் கப்பல் வந்துச்சு, கோட்டையில எத்தனை பீரங்கி போட்டாங்க, யாரு யாருக்கு லஞ்சம் குடுத்தான், எல்லாம் இருக்கு, நான் படிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு இன்னும் முடியல. 1748ல வேதபுரீஸ்வரர் கோயில இடிச்சத அவரு எழுதுற இடத்துல பிரெஞ்சு கவர்னர் துப்ளே பொண்டாட்டி மேல அவருக்கு இருக்குற கடுப்பு வரிக்கு வரி தெரியும். அந்தம்மா நியாயத்த எழுத அங்க யாரு இருந்தா? அந்த டைரிய வச்சுதான் பிரபஞ்சன் மானுடம் வெல்லும் எழுதுனாரு. நான் நாவல்ல இருந்துதான் டைரிக்குப் போனேன். நேரா டைரிய நீட்டியிருந்தா பத்தாவது பக்கத்துலயே தூங்கியிருப்பேன்.

வீராணத்தான்:
நீங்க போனீங்க தங்கச்சி. நூத்துல எத்தனை பேரு போறான்?

கரிசக்காட்டான்:
அப்ப எழுதி வைக்க ஆளே இல்லாத ஊருக்கு என்ன செய்வீங்க? புயலிலே ஒரு தோணி படிச்சிருக்கீங்களா? ஜப்பான்காரன் இந்தோனேசியாவுல இருக்குற மேடானுக்குள்ள நுழையுறதுல ஆரம்பிக்கும். ப.சிங்காரம் 1938ல அங்க வேலைக்குப் போனவரு, கண்ணால பாத்தவரு. கடையில வட்டிக் கணக்கு எழுதிட்டு இருந்த நம்ம பயலுவ அந்தத் தெருவுல என்ன சாப்பிட்டான், எதுக்கு ஏங்குனான்னு எந்த ராஜா கல்லுல வெட்டி வச்சான்? எங்க பாட்டி சொன்ன பஞ்சக் கதைக்கும் கல்வெட்டு கிடையாது. கி.ராஜநாராயணன் எழுதலன்னா கரிசக்காட்டுக்காரன் பேசுன பேச்சே காத்தோட போயிருக்கும்.

வீராணத்தான்:
சரி, சிங்காரத்த விட்டுடறேன், அவரு சாட்சி. நான் சொல்றது ஆயிரம் வருஷம் கழிச்சு எழுதுற ராஜா ராணி கதையத்தான்.

புதுச்சேரிப்பொண்ணு:
அண்ணன் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வர்றாரு 😄 அப்ப ஊர் வரலாறுன்னு நம்மாளுங்க போடுற புஸ்தகத்தையும் கொஞ்சம் பேசுங்க. முன்னாடி பத்து பக்கம் தலபுராணம், நடுவுல எழுதுனவர் சாதிப் பெருமை, கடைசியில நன்கொடை குடுத்தவங்க போட்டோ. என்கிட்ட இந்த மாதிரி நாலு இருக்கு, அதுக்கு நாவலே பரவால்ல.

வீராணத்தான்:
அத மறுக்கல. ஆனா எல்லாத்தையும் அந்தக் கணக்குல சேக்காதீங்க, தொ.பரமசிவன் அழகர் கோயில ஆராய்ச்சி பண்ணி எழுதுனதும் ஊர்ப் புஸ்தகம்தான். கோயிலுக்கு வர்ற ஒவ்வொரு சாதி ஜனமும் அழகர எப்படிக் கும்புடுதுன்னு போய்ப் பாத்து, கேட்டு எழுதியிருப்பாரு.

கரிசக்காட்டான்:
அது சரி, அந்த அக்கா கடைசியில என்ன ஆனாங்க?

வீராணத்தான்:
கோவமா வேன்ல ஏறிட்டாங்கன்னு நெனச்சேன். போறப்ப நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு வாட்ஸப்ல ஒரு மெசேஜ்: "தம்பி, அந்தப் பொண்ணு குடுத்த மாமனாரு, அவரு பாவம் என்ன செஞ்சாரு? நிலம் போனப்புறம் குடும்பத்தோட எங்க போயிருப்பாங்க?"

கரிசக்காட்டான்:
போச்சு. அடுத்த நாவல் ரெடி.