வெளிநாட்டில் ஊழியம் செய்யும் குடும்பத்தை எங்கள் தோட்டச் சபை எவ்வாறு தாங்குவது?

கேள்வி (ஹட்டன் பகுதி, சபைச் செயலாளர்)

எங்கள் சபையார் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். மற்றவர்கள் சில ஆசிரியர்களும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் ஆவர். இதே சபையில் வளர்ந்த ஒரு தம்பதியரை, இரண்டு சிறு பிள்ளைகளுடன், சில ஆண்டுகளுக்கு முன்பு கம்போடியாவுக்கு மிஷனரிகளாக அனுப்பிவைத்தோம். மாதந்தோறும் காணிக்கை சேர்த்து அனுப்புகிறோம், ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். ஆனால் அண்மைக் காலமாக அவர்களுடைய கடிதங்கள் சுருங்கிவிட்டன. எத்தனை வீடுகளைச் சந்தித்தார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்ற விபரம் இருக்கிறதே தவிர, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அவற்றில் இல்லை. அடுத்த ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வரவிருக்கிறார்கள். பணத்துக்கு அப்பால் நாங்கள் செய்யவேண்டியது என்ன? வருமானம் குறைந்த ஒரு சபையால் அதைத் தொடர்ந்து செய்ய முடியுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் (பண்டாரவளை, சபைப் பொருளாளர்)

ஐயா, பணத்துக்கு அப்பால் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் பணத்தைப் பற்றி ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. காணிக்கையில் ஒரு சதமும் குறைக்காமல் அனுப்பிய சபைகளின் மிஷனரிகளுக்கும் கையில் கிடைத்தது ஏறக்குறையப் பாதிதான். அதன் பிறகு எங்கள் குழு இத்தனை ரூபாய் அனுப்புவோம் என்று பொறுப்பேற்பதை விட்டு, அவர்களுடைய வீட்டு வாடகை எங்களுடையது, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் அயல் சபையுடையது என்று பிரித்துக்கொண்டது. தோட்டத்தில் சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறே சேர்த்து அனுப்பிவிடுகிறோம், ஏனெனில் தொகை சிறியதாக இருந்தாலும் குறித்த நாளில் வந்து சேர்ந்தால்தான் அவர்களால் குடும்பம் நடத்த முடியும். திடீர் நோய்க்கும் அவசரப் பயணத்துக்கும் ஒரு தனிக் கணக்கு வைத்து, அதில் வேறெதற்கும் கை வைக்காதீர்கள்.

பதில் (பதுளை, நேபாளத்தில் ஊழியம் செய்து திரும்பிய சகோதரி)

கடிதங்கள் ஏன் சுருங்குகின்றன என்பதற்கு நான் கண்ட காரணத்தை எழுதுகிறேன். மிஷனரி அனுப்பும் கடிதம் ஞாயிறு ஆராதனையில் எல்லாருக்கும் வாசிக்கப்படுகிறது. மகன் பாடசாலைக்குப் போக மறுத்து அழுகிறான் என்றோ, கணவனும் மனைவியும் வாரக்கணக்கில் மனஸ்தாபத்தில் இருக்கிறார்கள் என்றோ, மொழி பிடிபடாமல் மனம் சோர்ந்துவிட்டது என்றோ அதில் எப்படி எழுதுவது? காணிக்கையைத் தீர்மானிக்கும் குழுவிடம் தன் பலவீனத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும். உதவியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அதன் அடியில் கிடக்கிறது. ஆகையால் பணக் குழுவில் இல்லாத, கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளக்கூடிய இருவரை நியமியுங்கள். சகோதரியிடம் பேச ஒரு பெண் கட்டாயம் வேண்டும். அவர்கள் மாதத்தில் ஒரு முறையாவது அழைத்து, ஊழியத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தூக்கம், உடம்பு, பிள்ளைகள் பற்றிப் பேசட்டும். கம்போடியா நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் முன்னே இருப்பதால் இரவு ஏழு மணிக்கு அழைப்பது அவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

பார்சல் அனுப்புவதை அற்ப காரியமாக எண்ணாதீர்கள். எனக்கு ஒருமுறை தேயிலைத்தூளும் மாசித்தூளும் வந்தன. இடையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வரைந்த படங்களை மடித்து வைத்திருந்தார்கள். மாசி வாசனை ஏறிய அந்தப் படங்களைக் குளிர்காலம் முழுவதும் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பவுல் அப்போஸ்தலனும் துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினாரே.

இன்னொன்று, அவர்களிடம் கேட்காமல் படங்களைப் பேஸ்புக்கில் போடவேண்டாம். நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படியே தண்டனைக்குரியது. 2018 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டக்கோவை அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கம்போடியாவின் நிலை வேறாக இருந்தாலும், படத்தில் இருக்கும் உள்ளூர் மக்களின் சம்மதத்தைப் பெறுவது எங்கும் அவசியம்.

விடுமுறையைப் பற்றி: வந்திறங்கிய வாரமே சபை சபையாகப் பிரசங்கத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். முதல் மாதம் ஓய்வுக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நம் ஊர்தான் அந்நிய நாடாகத் தெரியும். தமிழ் தடுமாறினால் சிரிக்கக்கூடாது என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பதில் (தலவாக்கலை, போதகர்)

சகோதரி எழுதியதை முழுமனதுடன் ஆமோதிக்கிறேன். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலியிலிருந்து வளர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, உடைமைகளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வேறு சூழலில் சொல்லப்பட்டதாயினும், அனுப்பும் சபைகளாகிய நம்மிடமும் இதையே நம்முடைய மிஷனரிகள் எதிர்பார்க்கிறார்கள். 1854இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலி உபதேசியார்கள் நம் மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். வீட்டை விட்டு வந்தவர்களின் உழைப்பில் சுவிசேஷம் கேட்ட நாம், இந்தக் கடமையில் பின்வாங்கலாகாது.

இதுவரை யாரும் எழுதாத ஒன்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தனித்திருக்கும் மிஷனரியின் பெற்றோர். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆள் இல்லை என்ற செய்தி, எந்தப் பணக் குறைவையும்விட அதிகமாக மிஷனரியின் மனதை அரிக்கிறது. சபை வாலிபர்கள் முறை வைத்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும், மழைக்கு முன் கூரைத் தகரத்தைப் பார்த்துக் கொடுக்கவும் முடியும். அதற்கு வருமானம் தேவையில்லை, ஆட்கள் இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் மிஷனரிச் சகோதரரின் தாயார் தோட்டத்தின் மேல் டிவிசன் லயத்தில்தான் இருக்கிறார். அவருடைய கிளினிக் திகதிகளைக் கேட்டு எழுதிவரும்படி வாலிபர் சங்கத் தலைவரிடம் இன்று சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் பேசுவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கேட்கவிருக்கிறோம். வாடகையைப் பிரித்துக்கொள்வது குறித்து அயல் சபைக்கு எவ்வாறு கடிதம் எழுதினீர்கள் என்பதைப் பொருளாளர் ஐயா விபரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.