மருத்துவமனை அருகில் இருந்தும் ஆம்புலன்ஸ் ஏன் சாலையிலேயே நின்றது?

கேள்வி:
சென்ற மாதம் என் தம்பி இரு சக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது லாரி மோதிப் படுகாயமடைந்தான். ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்துவிட்டது; ஆனால் பெரிய மருத்துவமனை 3 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், குழுவினர் ஏறத்தாழக் கால் மணி நேரம் அவனைச் சாலையிலேயே வைத்திருந்தார்கள். குளிர்கிறது என்று அவன் முனகிக்கொண்டிருக்க, சட்டையையும் கால்சட்டையையும் கத்தரித்துக் களைந்தார்கள். நெஞ்சில் தடித்த ஊசி ஒன்றைச் செருகினார்கள். சலைனை வேகமாக ஏற்றும்படி நான் கெஞ்சியும் கேட்கவில்லை. இப்போது அவன் நடக்கப் பயிற்சி எடுத்து வருகிறான். என்றாலும், அந்தக் கால் மணி நேரம் வீணானதா என்ற எண்ணம் என்னை உறங்க விடவில்லை. துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:
உங்கள் தம்பி தேறி வருவது அறிந்து மகிழ்ச்சி. நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். அவரை நேரில் பார்க்காமல் அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் அந்த ஊசிக்குக் காரணம் சொல்ல முடியும்.

விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் கிழித்துவிட்டால், ஒவ்வொரு மூச்சிலும் காற்று நெஞ்சறைக்குள் கசிந்து, வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். அழுத்தம் கூடக் கூட, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரைகள் நெரிபட்டு, சில நிமிடங்களிலேயே இரத்த ஓட்டம் நின்றுபோகக்கூடும். ஊசி உள்ளே சென்றதும் அந்தக் காற்று சீறிக்கொண்டு வெளிவரும். ஒரு சொல்கூடப் பேச முடியாமல் திணறியவர் அடுத்த நிமிடமே தன் பெயரைச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். இந்தச் சிகிச்சை 3 கிலோமீட்டர் காத்திருக்காது. பீறிடும் இரத்தமும் அடைபட்ட மூச்சுக்குழலும் அப்படியே.

வயிற்றுக்குள் கசியும் இரத்தம் வேறு வகை. அதைச் சாலையில் யாராலும் கட்டி நிறுத்த முடியாது. அதற்கு அறுவை அரங்குதான் வேண்டும். பால்டிமோர் அறுவை மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கௌலி பரப்பிய ‘கோல்டன் ஹவர்’ என்ற சொல்லை, அதாவது காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் உரிய சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதை, எல்லோரும் அறிவார்கள். ஆனால் 60 நிமிடம் என்பது எல்லோருக்கும் பொருந்தும்படி அளந்து கண்ட எல்லை அன்று. ஒருவருக்கு 10 நிமிடமே மிஞ்சியிருக்கும், இன்னொருவருக்கு மூன்று மணி நேரம் இருக்கும்.

மறுமொழி 2:
ஆம்புலன்ஸில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில், மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாலையில் செலவாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கத்திக்குத்தோ துப்பாக்கிக் குண்டோ உடலின் நடுப்பகுதியில் பாய்ந்திருந்தால், என் அனுபவத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதே முறை. ஃபிலடெல்ஃபியாவில் காவல் துறையினரே இத்தகையவர்களைத் தங்கள் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, லண்டனில் ஹெலிகாப்டரில் வரும் மருத்துவர்கள், கத்திக்குத்தில் இதயம் நின்றுபோனவரின் நெஞ்சைச் சாலையோரத்திலேயே திறந்து சிகிச்சை செய்து காப்பாற்றியும் இருக்கிறார்கள். இரண்டும் சரியே, எவருக்கு எது என்று தெரிவதுதான் கடினம்.

வாகனம் நகரத் தொடங்கிய பிறகு கைகள் நிலைகொள்வதில்லை. வளைவில் திரும்பும் வண்டிக்குள் ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவே சரியான இடத்தில் செருகுவது எத்தனை கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர். பெருநகரில் 3 கிலோமீட்டர் என்பது நெரிசலைப் பொறுத்து 6 நிமிடமும் ஆகலாம், 25 நிமிடமும் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒருவர் முன்கூட்டியே மருத்துவமனையை அழைத்து, என்ன காயம், நாடித்துடிப்பு எவ்வளவு என்று சொல்லிவிட்டால், ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையும்போது இரத்தமும் அறுவை மருத்துவரும் ஆயத்தமாக இருப்பார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன்: உங்கள் தம்பி எங்கும் சிக்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால், நான் 10 நிமிடத்துக்குள் புறப்பட முயன்றிருப்பேன்.

மறுமொழி 3:
அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சலைன் குறித்து மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உறவினர்கள் பலர் இதை அலட்சியம் என்று எண்ணி மனம் வருந்துகிறார்கள். சலைனில் ஆக்சிஜனைச் சுமக்கும் அணுக்களும் இல்லை, இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களும் இல்லை. அதை அளவின்றி ஏற்றினால் இருக்கும் இரத்தமும் நீர்த்து, உடல் குளிர்ந்து, அப்போதுதான் உறையத் தொடங்கிய இடம் அழுத்தத்தால் மீண்டும் திறந்துகொள்ளும். உடலின் நடுப்பகுதியில் கத்தியாலோ குண்டாலோ காயமடைந்த 598 பேரிடம் ஹூஸ்டனில் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் சலைனை நிறுத்திவைத்தவர்களில் 70 விழுக்காட்டினரும், உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 விழுக்காட்டினரும் பிழைத்தார்கள். தலைக்காயம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். மூளைக்குப் போதிய இரத்த அழுத்தம் தேவை.

அதற்குப் பதிலாக, உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 20,000-க்கும் மேற்பட்டோரிடம் 40 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் இறப்பு குறைவதைக் காட்டியது. விலை குறைந்த மருந்து இத்தனை உயிர்களைக் காக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

துணியைக் கத்தரிப்பது மறைந்திருக்கும் காயத்தைக் கண்டுபிடிக்க. பார்த்து முடித்த உடனே போர்த்திவிட வேண்டும். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தடைபடும். போர்த்தினார்களா?

கேள்வி கேட்டவர்:
ஆம், பளபளக்கும் தாள் போன்ற ஒன்றால் போர்த்தினார்கள். மூவருக்கும் நன்றி; ஊசியைப் பற்றிப் படித்த பிறகு மனம் சற்று அமைதி அடைந்தது. இன்னும் ஒன்று: தொடையில் இறுக்கிக் கட்டியிருந்த பட்டையின் மேல் மையினால் ‘9.42’ என்று எழுதியிருந்தார்கள். அது என்ன?

மறுமொழி 2:
கட்டிய நேரம் அது. அந்தப் பட்டை காலுக்குப் போகும் இரத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் தசையும் நரம்பும் கெடத் தொடங்கலாம். அறுவை அரங்கில் அதைத் தளர்த்தப்போகும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.