மைலோமா: வேறு மையத்துக்குப் போனால் டாக்டர் மனம் நோகுமா?

கேள்வி (மூத்தமகள்):
அப்பாவுக்கு வயது 61. முதுகுவலி என்று ஆறு மாதம் அலைந்த பிறகு மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்திருக்கிறது. மரபணுச் சோதனையில் 17பி நீக்கம் (17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமல் போவது) இருப்பதால் தீவிர வகையாம். பார்க்கும் டாக்டர் தங்கமானவர், ஆனால் எல்லாப் புற்றுநோயையும் பார்ப்பவர். மைலோமாவுக்கென்றே தனிப் பிரிவுள்ள மையத்துக்கு ஆறு மணி நேரப் பயணம். “அவர் மனம் நோகுமே” என்கிறார் அப்பா. வாராவாரம் ஊசி வேறு. என்ன செய்யலாம்?

பதில் (அவள்துணை):
நோகாது. நானும் அப்படித் தயங்கித்தான் என் மனைவி விஷயத்தில் எட்டு மாதங்களைத் தொலைத்தேன். வாய்விட்டுக் கேட்டதும் டாக்டரே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். புதிய மையத்துக்குப் போனபோது அவள் லெனலிடோமைடு என்ற மைலோமா மருந்தை எட்டுச் சுற்று முடித்திருந்தாள். “நான்கைந்து சுற்றிலேயே மாற்று சிகிச்சைக்கான ஸ்டெம் செல்லை (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து வைத்திருக்கலாமே” என்றார்கள். அந்த மருந்து நீண்டுவிட்டால் செல்கள் ரத்தத்துக்கு எளிதில் இறங்கி வருவதில்லை. முதல் முறை எடுத்தது போதவில்லை. செல்களை ரத்தத்துக்கு இறக்கும் பிளெரிக்ஸாஃபோர் ஊசி போட்டு மறுபடி எடுத்தார்கள்.

கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். போன ஆண்டு மைலோமாவுக்கு எத்தனை ஸ்டெம் செல் மாற்று செய்தீர்கள், முதல் 100 நாளில் எத்தனை பேரை இழந்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவதைக் கேட்கும்போது எனக்குக் குரலே எழவில்லை. அந்த அம்மையார் முகம் சுளிக்காமல் எண்ணைச் சொன்னார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாராந்திர ஊசியை உங்கள் டாக்டரே போடலாம். திட்டமும் மாற்று சிகிச்சையும் மட்டும் அங்கே. நடுஇரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். மஜ்ஜைச் சோதனையின் அறிக்கையோடு ஸ்லைடுகளையும் கொண்டுபோங்கள்.

பதில் (ரத்தவங்கிக்காரன்):
டாராட்டுமுமாப் என்ற மைலோமா மருந்து தரப்போகிறார்களா? முதல் டோஸுக்கு முன்பே விரிவான ரத்த வகைச் சோதனை எடுத்துவிடுங்கள். அந்த மருந்து சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்வதால், பிறகு பொருத்தம் பார்த்தால் எந்த ரத்தமும் சேராததுபோல் காட்டும். பழகிய மையங்களிலிருந்து எங்கள் ரத்த வங்கிக்கு ரத்த மாதிரி முன்கூட்டியே வந்துவிடும். மற்ற இடங்களிலிருந்து, ரத்தம் அவசரமாகத் தேவைப்படும் இரவில் போன்தான் வரும்.

மூத்தமகள்:
டாராட்டுமுமாப் வியாழக்கிழமை தொடங்குவதாக இருந்தது. இன்று காலை மாதிரி கொடுத்துவிட்டோம். ஸ்லைடுகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தை அப்பாவே கேட்டார். “இதைச் சொல்லவா இத்தனை நாள்?” என்று டாக்டர் சிரித்தாராம்.