வெள்ளைப் புள்ளி: சொட்டு மருந்தா, உப்பா, முதலில் தண்ணீர் சோதனையா?

விளாங்குடிக்காரி:
மூன்றடி மீன் தொட்டி, நூறு லிட்டர் பிடிக்கும். உள்ளே மோலி, கோரி, ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள். போன ஞாயிற்றுக்கிழமை புது மோலிகள் வாங்கி விட்டோம். இப்போது மோலிகளின் வாலிலும் ஏஞ்சலின் துடுப்பிலும் ரவை தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. ஃபில்டர் குழாயில் உடம்பை உரசிக்கொண்டு ஓடுகின்றன. காலையில் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாங்கின கடையில் ஒரு நீலச் சொட்டு மருந்தும் டெட்ராசைக்ளின் கேப்சூலும் கொடுத்து, "ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க" என்றார்கள். போடலாமா? மகள் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மீன்கடைத் தம்பி:
அக்கா, நானும் மதுரையில் மீன்கடை வைத்திருப்பவன்தான் (நீங்கள் வாங்கின கடை என்னுடையது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்). இது இக், வெள்ளைப் புள்ளி நோய். சந்தேகமே வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே சொட்டைப் போடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கேப்சூல் கையில் இருக்கட்டும், புள்ளி உதிர்ந்த இடத்தில் புண் அழுகினால் தேவைப்படும். ஒரு புள்ளி கீழே விழுந்து உடைந்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சு ஒட்டுண்ணி வெளியே வரும். நாள் கடத்தினால் தொட்டி காலி.

உப்புக்கண்டம்:
வந்ததும் வராததுமாகப் பாட்டிலைத் திறந்தாச்சா தம்பி? அக்கா, அந்தக் கேப்சூலைத் தொடவே தொடாதீர்கள். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து. இக் பாக்டீரியா இல்லை, ஒரு செல் ஒட்டுண்ணி. அப்புறம், உங்கள் பக்கம் போர் தண்ணீராகத்தான் இருக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், பாதி மருந்து வேலையே செய்யாது. அந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்வதும் இதனால்தான். நான் திருமங்கலத்தில் சிமென்ட் தொட்டியில் மோலி வளர்க்கிறேன். என் மருந்துப் பெட்டியில் கல்லுப்பு மட்டும்தான். லிட்டருக்கு 2 கிராம் போடுங்கள், போதும்.

வாத்தியார்:
கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இருவரும் மருந்துச் சீட்டு எழுதிவிட்டீர்கள், நோயாளியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தண்ணீர் எத்தனை டிகிரி? தொட்டிக்கு வயது என்ன? ஃபில்டரை எப்போது, எதில் கழுவினார்கள்?

சூட்டை ஏன் கேட்கிறேன் என்றால், இக் ஒட்டுண்ணியின் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்கு மேல் பெருகுவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 32-க்குப் போகும். அந்தச் சூட்டிலும் புள்ளி பெருகிக்கொண்டே போனால் நான் எபிஸ்டைலிஸ் என்கிற வேறொரு நுண்ணுயிரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இக் தோலின் மேலடுக்குக்கு அடியில் புதைந்திருக்கும். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவு. எபிஸ்டைலிஸ் தோலுக்கு வெளியே காம்பு வைத்து வளரும். பெரிதும் சிறிதுமாக, துருத்திக்கொண்டு நிற்கும். கூடவே பாக்டீரியாப் புண்ணும் இருக்கும். இக் என்று நினைத்து அங்கே சூட்டை ஏற்றினால் புண்தான் வேகமாகப் பரவும். தபால்தலை பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மீன்கடைத் தம்பி:
சார், நீங்கள் சொல்வது ஆய்வகத்தில் சரி. கடைக்கு வாங்க. ஜோடி மோலி நாற்பது ரூபாய்க்கு வாங்குகிறவர், தண்ணீரைச் சோதிக்க அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டெஸ்ட் கிட்டை வாங்குவாரா? லென்ஸ் தேடுவாரா? டாக்டரிடம் போகலாம் என்றால் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடும் மாடும் நிற்கிற வரிசையில் கவரில் மோலியோடு நிற்க வேண்டும். மீன் படித்தவர்கள் நாகப்பட்டினம் பல்கலைக்கழகத்திலும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஒரு மோலிக்காக மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏற முடியுமா? கடைக்காரன் கண்ணால் பார்த்துச் சொல்கிற வைத்தியம்தான் இங்கே இருக்கிறது. புது மீன் விட்ட ஒரு வாரத்துக்குள் புள்ளி, உரசல் என்றால் பெரும்பாலும் அது இக்தான்.

வாத்தியார்:
"பெரும்பாலும்" என்பதோடு எனக்குச் சண்டை இல்லை, தம்பி. காலையில் மேலே வந்து வாயை அசைப்பதைத்தான் நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். அதற்கு மூன்று காரணம் இருக்கலாம்: செவுளில் இக், தண்ணீரில் அம்மோனியா, ஆக்சிஜன் குறைவு. நீலச் சொட்டு பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுக்கக்கூடும். ஏற்கெனவே அம்மோனியா இருக்கிற தொட்டியில் அதை ஊற்றினால் மூச்சுத்திணறல் கூடும். கடைக்காரர் "நோய் முத்திவிட்டது" என்று இன்னும் பத்துச் சொட்டு ஊற்றச் சொல்வார். செத்தபிறகு பழி இக்கின் மேல்.

விளாங்குடிக்காரி:
மாடி வீட்டுத் தம்பியிடம் கிட் இருந்தது. அம்மோனியா 1 காட்டுகிறது, பி.எச். 8.2. தண்ணீர் போர்தான். தொட்டி வைத்து ரெண்டு மாதம் இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சனிக்கிழமை கார்ப்பரேஷன் குழாயில் நன்றாகப் பிழிந்து கழுவினேன், வெள்ளையாகிற வரைக்கும். இன்னொன்று: தொட்டி இருப்பது ஏசி அறையில். மத்தியானம் 30 டிகிரி, ராத்திரி ஏசி ஓடி விடியற்காலையில் 25.

வாத்தியார்:
ஏசி அறை என்றால் கணக்கே வேறு. 25 டிகிரி இக்குக்குச் சொகுசான சூடு. தினமும் ஐந்து டிகிரி ஏறி இறங்குவதில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் அடிபடும். ஆகவே இக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் அம்மோனியாவைப் பாருங்கள். கிட் காட்டும் 1 என்பது மொத்தக் கணக்கு. அதில் மீனை எரிக்கிற பங்கு பி.எச். 7-ல் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8.2-ல், 30 டிகிரியில் நூற்றில் பத்துக்கு மேல். அதே 1 நம் போர் தண்ணீரில் பத்து மடங்குக்கு மேல் விஷம். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டு ஸ்பாஞ்சில் இருந்த பாக்டீரியா போயிருக்கும். இன்றைக்கு முதல் வைத்தியம் தண்ணீர் மாற்றுவது. நாற்பது லிட்டர், குளோரின் நீக்கியது, அதே சூட்டில். தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓடட்டும்.

உப்புக்கண்டம்:
இதைத்தானே நானும் சொன்னேன்! தண்ணீரும் உப்பும். அம்மோனியா அடுத்து நைட்ரைட்டாக மாறும். உப்பில் இருக்கும் குளோரைடு அது செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். ஒரே கல்லுப்பில் ரெண்டு வேலை.

மீன்கடைத் தம்பி:
அண்ணே, உங்கள் தொட்டியில் மோலி மட்டும். மோலியைக் கடல் தண்ணீரில் விட்டாலும் மெதுவாகப் பழக்கினால் பிழைத்துக்கொள்ளும். அக்கா தொட்டியில் கோரி இருக்கிறது. செதில் கிடையாது, உப்பு ஆகாது. செடி இருந்தால் அதுவும் போகும். உப்பு மட்டும் போட்டு ஒருவாரம் பார்க்கலாம் என்று இருந்து, செவுள் முழுக்க இக் பிடித்துக் கவரில் கொண்டுவருகிறவர்களை நான் கடையில் பார்க்கிறேன். நான் சொட்டு கொடுப்பது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை. மெத்திலீன் ப்ளூ பிடிக்கவில்லை என்றால் மாலகைட் கிரீன், ஃபார்மலின் சேர்ந்த மருந்து இருக்கிறது. இக்குக்கு அதைவிட வேகமானது கிடையாது.

உப்புக்கண்டம்:
கோரிக்குச் செதில் இல்லையா? உடம்பெல்லாம் எலும்புத் தகடு போட்டுக்கொண்டு திரிகிற மீன் அது. லிட்டருக்கு 2 கிராமை ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றரை நாளில் கரைத்து விட்டால் தாங்கும். செதில் இல்லாததுக்கு உப்பு ஆகாது என்றால் மாலகைட் கிரீன் மட்டும் ஆகுமா? சாப்பிடுகிற மீனில் அதைத் தடை செய்து வைத்திருக்கிறார்கள். கையில் உறை இல்லாமல் தொடக் கூடாத சாயம். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.

வாத்தியார்:
ஃபார்மலினைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் போட்டால் சுமார் 1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மருந்தளவோ அதைப்போலப் பல மடங்கு. 30 டிகிரித் தண்ணீரில் மொத்தமாகவே ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். மே மாதத்தில், அதுவும் மின்வாரியம் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்துகிற நாளில், ஏர் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குளிர்நாட்டுப் பாட்டிலில் அச்சடித்த அளவை நாம் அப்படியே ஊற்றுகிறோம்.

மீன்கடைத் தம்பி:
கரண்ட் விஷயம் நியாயம். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் வாங்கி வைக்கச் சொல்லித்தான் நானும் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் பாதி அளவில் மருந்து போட்டுப் பிழைத்த தொட்டிகளும் இருக்கின்றன சார். அதையும் கணக்கில் எடுங்கள்.

விளாங்குடிக்காரி:
தண்ணீர் மாற்றியாச்சு. அம்மோனியா பாதியாகக் குறைந்திருக்கிறது. மேலே வந்து மூச்சு வாங்குவதும் குறைவு, ஆனால் நிற்கவில்லை. லென்ஸில் ஏஞ்சல் துடுப்பைப் பக்கவாட்டில் பார்த்தேன். புள்ளி எல்லாம் ஒரே அளவு, துருத்திக்கொண்டு இல்லை, கண்ணாடி மாதிரியான தோலுக்கு உள்ளே இருக்கிறது. புண் எதுவும் தெரியவில்லை. உப்பு போடுவதாக முடிவு செய்துவிட்டேன், மூன்று பங்காக. ஏசியை நிறுத்தினால் தண்ணீர் தானே 30-க்கு மேல் நிற்கும் என்பதால் வீட்டுக்காரர் ஹாலில் படுக்கிறார். கேப்சூலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கமாட்டோம் என்றார்கள்.

வாத்தியார்:
அப்படியானால் இக். உப்பு சரியான முடிவு. புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தோலுக்கு அடியில் இருக்கும்வரை உப்போ மருந்தோ அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, உடைந்து, நீந்தத் தொடங்கிய குஞ்சுதான் சாகும். அதனால் புள்ளி முழுக்கப் போனபிறகும் உப்பை வைத்திருங்கள், மொத்தம் ரெண்டு வாரமாவது. அடிமணலை அடிக்கடி உறிஞ்சி எடுங்கள், உதிர்ந்தவை அங்கேதான் ஒட்டிக் கிடக்கும்.

உப்புக்கண்டம்:
தம்பி, ஒரு சந்தேகம். டெட்ராசைக்ளினை டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையே விற்கக் கூடாது. மீன்கடையில் எப்படி விற்கிறார்கள்?

மீன்கடைத் தம்பி:
அதை அந்தக் கடையில் கேளுங்கள் அண்ணே, என் கடையில் கேப்சூல் டப்பா கிடையாது. ஏதாவது தொட்டியில் உண்மையிலேயே அழுகல் வந்தால் வாங்கி வைத்திருப்பவரைத்தான் பயன்படுத்தச் சொல்வேன், அதுதான் மேலே சொன்னது.

அக்கா, இனி தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பைச் சேருங்கள். நாற்பது லிட்டர் எடுத்தால் எண்பது கிராம். நூறு லிட்டருக்கும் மறுபடி கொட்டிவிடாதீர்கள், உப்பு தானாக ஆவியாகிப் போகாது. ஸ்பாஞ்சை இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள், வெள்ளையாக வேண்டாம்.